அண்ணன் வீட்டுக்குப் போக ஒரு விசா

முதலியார்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா, பாரிஸ் புறநகரில் நாற்பது ஆண்டுகளாக வாழும் தன் அண்ணனைப் பார்க்க விசா கேட்டார். அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம் அது. வங்கியில் போதுமான பணம் இருந்தது. போக வர டிக்கெட்டுக்கு முன்பதிவு இருந்தது. காப்பீடும் இருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டார்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அவர்கள் அண்ணன் தங்கை என்று சொல்லிவிடுவார்கள். கொடுத்த காகிதங்களில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் முறை அந்தக் கோப்பை அடுக்க உட்கார்ந்தவன் நான். அப்போது புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் பிள்ளையோ அண்ணனோ வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களைப் பார்க்கப் புறப்படும் பெரியவர்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏஜெண்டிடம் விட்டுவிடுகிறார்கள். தன் பெயரில் போகும் கோப்பில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

விசா எதைக் கேட்கிறது

பாஸ்போர்ட்டை நம் நாடு தருகிறது. நீங்கள் யார் என்று அது சொல்லும். விசாவை நீங்கள் போகப்போகிற நாடு தருகிறது. இன்ன காரணத்துக்காக, இத்தனை நாள், எங்கள் எல்லைக்கு வரலாம் என்று அது சொல்லும். வேலைக்குப் போக, படிக்கப் போக, குடியேற எல்லாவற்றுக்கும் தனித்தனி விசாக்கள் உண்டு. உறவினரைப் பார்க்கவும் ஊர் சுற்றவும் குறுகிய காலத்துக்குத் தருவதையே நாம் விசிட் விசா என்கிறோம். அதில் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது.

இந்த விசாவுக்கான படிவம் பல பக்கம் நீண்டாலும் அதற்குள் இருக்கும் கேள்விகள் நான்குதான். ஏன் வருகிறீர்கள்? எங்கே தங்குவீர்கள்? செலவுக்கு யார் பணம்? திரும்பிப் போய்விடுவீர்களா? நான்காவதுதான் மற்ற மூன்றையும் ஆட்டிவைக்கிறது. அமெரிக்கச் சட்டம் இதை மறைக்காமலே சொல்கிறது. அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, விசிட் விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அதிகாரி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. மற்ற நாடுகள் வேறு சொற்களில் இதையே கேட்கின்றன.

இதைக் கேட்டதும் நம் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. ‘நான் ஏன் அங்கே போய் உட்காரப்போகிறேன், என் வீடு வாசலை விட்டு?’ என்கிறார்கள். நியாயமான கோபம்தான். அந்த வீடு வாசலைத்தான் காகிதமாகக் காட்டச் சொல்கிறார்கள்.

பெயர் என்ற பெரிய சிக்கல்

புதுச்சேரிக்காரர்களின் கோப்புகள் தடுமாறும் இடம் இது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே மாதம் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், இங்கே பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக்கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஒரே வீட்டில் ஒருவர் எழுதிக்கொடுத்தார், இன்னொருவர் கொடுக்கவில்லை. பெரியப்பா வழியில் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள், சித்தப்பா வழியில் எல்லோரும் இந்தியர்கள் என்ற குடும்பங்கள் இங்கே அப்படித்தான் உண்டாயின. அந்தப் பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு இங்கே வர இந்திய விசாவோ இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டையோ வேண்டும். இவர்கள் அங்கே போகப் பிரெஞ்சு விசா வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் 1881 செப்டம்பர் 21 ஆணை இருக்கிறது. சாதி, சமய வழிவந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்பியவர்களுக்கு அந்த ஆணை வழிவிட்டது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வாரிசுகளுக்கு இன்றும் அதுதான் குடும்பப் பெயர். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு நிறுத்திக்கொள்கிறோம். திருமணத்துக்குப் பின் பல பெண்கள் கணவர் பெயரின் எழுத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

இதோடு எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. முருகன் என்பதை ஆங்கில முறையில் எழுதும்போது ‘மு’வுக்கு எம் எழுத்தும் யூ எழுத்தும் போதும். பிரெஞ்சு முறையில் எம், ஓ, யூ என்று மூன்று எழுத்து வரும். ஒரே தாத்தாவின் பெயர் அண்ணனின் பிறப்புப் பதிவில் ஒருவிதமாகவும் தங்கையின் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருப்பது இதனால்தான். நமக்குப் படித்தவுடன் ஒரே பெயர் என்று தெரிகிறது. தமிழ் தெரியாத அதிகாரிக்கு அவை இரண்டு மனிதர்கள்.

பெரியம்மாவின் முதல் கோப்பில் நடந்தது இதுதான். அண்ணனுக்குக் குடும்பப் பெயர் உண்டு, இவருக்கு இல்லை. இவர் பாஸ்போர்ட்டில் இருந்தது கணவர் பெயர். ‘அண்ணனைப் பார்க்கப் போகிறேன்’ என்ற வாக்கியத்தைத் தவிர அண்ணன் என்பதற்கு அந்தக் கோப்பில் ஆதாரம் எதுவும் இல்லை.

இரண்டாம் முறை செய்தது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. பிரெஞ்சுக் காலம் தொட்டு இங்கே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் ஒழுங்காக நடந்திருக்கின்றன. எத்தா சிவில் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகராட்சியில் பெரியம்மாவின் பிறப்புப் பதிவு நகலை வாங்கினோம். அதில் அப்பா, அம்மா இருவர் பெயரும் இருந்தன. பிரெஞ்சுக் குடிமக்கள் வெளிநாட்டில் பிறந்த பதிவுகள் பிரான்சின் நாந்த் நகரில் ஓர் அலுவலகத்தில் இருக்கின்றன. அண்ணன் அங்கிருந்து தன் பிறப்புப் பதிவை வரவழைத்து அனுப்பினார். அதிலும் அதே அப்பா, அதே அம்மா. பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருந்ததற்கு, இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதினோம். பெரியம்மாவின் திருமணச் சான்றிதழ், இவருக்கு ஏன் கணவர் பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிட்டது. நான்கு காகிதங்களில் ஓர் உறவு நிரூபணமானது.

கடலூர்க்காரர்களுக்குப் பிரெஞ்சுப் பதிவு கிடையாது என்றாலும் இனிஷியல் சிக்கல் அதேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு இருப்பவர்கள் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று அறிவித்தபோது வளைகுடாவுக்குப் போக இருந்த எத்தனையோ பேர் திகைத்துப்போனார்கள். அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து எழுதிப் பெயரைச் சரிசெய்துகொள்வது நல்லது. விசா படிவத்திலும் விமான டிக்கெட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பிறந்த ஊரும் அப்படியே. 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரியானது. உங்கள் பாஸ்போர்ட்டில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

மேரியில் வாங்கும் கடிதம்

கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி கட்டடம் நம் எல்லோருக்கும் தெரியும். 2014 மழையில் இடிந்து விழுந்து, பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம். பிரான்சின் ஒவ்வோர் ஊரிலும் ஒரு மேரி உண்டு. உறவினர் வீட்டில் தங்கப்போகிறவர்களுக்கு வேண்டிய முக்கியமான காகிதம் அங்கேதான் பிறக்கிறது.

அதன் பெயர் அத்தெஸ்தாசியோன் தக்கேய், அதாவது விருந்தினரை ஏற்கும் சான்று. அதை வாங்க வேண்டியவர் நீங்கள் அல்ல, அங்கே இருக்கும் உறவினர். தான் குடியிருக்கும் ஊரின் மேரிக்குத் தன் அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று எல்லாவற்றோடும் அவர் போக வேண்டும். இதற்கான வரி முத்திரையும் வாங்க வேண்டும். உங்களால் முடியாவிட்டால் உங்கள் செலவை ஏற்பதாக அவர் அதில் உறுதி தருகிறார். சில வாரங்கள்கூட ஆகலாம். மூலச் சான்றே தபாலில் இங்கே வந்து சேர வேண்டும், செல்போனில் அனுப்பும் படம் போதாது. ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் உறவினருக்குச் சொல்லி இதைத் தொடங்கிவிடுங்கள். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு இது வேண்டாம். அறை முன்பதிவு போதும்.

பணமும் வேர்களும்

வங்கிக் கணக்கில் எத்தனை லட்சம் காட்ட வேண்டும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் அல்ல, அது எப்படி வந்தது என்பதையும்தான். மாதம் முப்பதாயிரம் வந்து போய்க்கொண்டிருந்த கணக்கில் விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு ஐந்து லட்சம் விழுந்தால், அது கடன் வாங்கிக் காட்டிய பணமோ என்ற சந்தேகம்தான் வரும். தெரிந்தவரிடம் வாங்கிப் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். குறைவாக இருந்தாலும் சீராக ஓடும் கணக்கு மேலானது.

நிஜமாகவே பெரிய தொகை வந்திருந்தால் அதற்கான காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்குக் கோடையில் கொட்டை விற்ற பணம் மொத்தமாக வரும். மற்ற மாதங்களில் கணக்கு மெலிந்து கிடக்கும். அவர் செய்ய வேண்டியது, விற்ற ரசீதையும் பட்டா, சிட்டாவையும் வைத்து, என் வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை இப்படித்தான் வரும் என்று கடிதத்தில் இரண்டு வரி எழுதுவது. தமிழில் இருக்கும் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம் சேர்க்க வேண்டும். நம் நிலத்தின் பட்டா எவ்வளவு வலுவான சாட்சியானாலும் படிக்க முடியாதவருக்கு அது வெறும் தாள்.

திரும்பி வருவதற்கான சாட்சிகளும் இப்படித்தான். வேலையில் இருப்பவருக்கு விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும். கடை வைத்திருப்பவருக்கு ஜிஎஸ்டி பதிவும் வருமான வரிக் கணக்கும். ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதிய ஆணை. வீட்டில் இருக்கும் அம்மாக்களோ ‘என்னிடம் காட்ட என்ன இருக்கிறது?’ என்று தயங்குவார்கள். கணவர் இங்கேயே இருக்கிறார், வீட்டு வரி ரசீது இருக்கிறது, படிக்கும் மகன் இருக்கிறான். எல்லாமே வேர்கள்தான், எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவே.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பக்கத்தில் ஒரு கடிதம் வையுங்கள். யாரைப் பார்க்கப் போகிறேன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எங்கே தங்குவேன், யார் செலவு, எதற்காகத் திரும்பி வருவேன். அலங்காரமே வேண்டாம். கடிதத்தில் இருக்கும் தேதி, டிக்கெட் முன்பதிவின் தேதி, காப்பீட்டின் தேதி, மேரிச் சான்றின் தேதி நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் கோப்பு தனக்குத்தானே முரண்படும்.

தேதிக் கணக்கு

பிரான்ஸ் உட்பட 29 நாடுகள் சேர்ந்தது ஷெங்கன் பகுதி. ஒரே விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாளென்றால் முதலில் நுழையும் நாட்டிடம்.

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்குமேல் தங்கக்கூடாது என்பது அடிப்படை விதி. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஜனவரி 10 அன்று நுழைந்தவருக்கு, லீப் ஆண்டாக இல்லாவிட்டால், 90ஆம் நாள் ஏப்ரல் 9. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். அன்று கிளம்பியவர் பல முறை நுழையும் விசா வைத்திருந்தாலும் அடுத்த வாரமே திரும்ப முடியாது. ஒவ்வொரு நாளும் அதற்குப் பின்னால் 180 நாளைத் திரும்பிப் பார்த்து எண்ண வேண்டும். அவர் மீண்டும் நுழையக்கூடிய முதல் நாள் ஜூலை 9.

விசா ஒட்டி வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்று தனியாக ஓர் எண் இருக்கும். இரண்டும் வேறு. தேதி இரண்டு மாதம் நீண்டிருந்தும் நாள் 30 என்று இருந்தால், 30 நாள்தான்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பாக இருக்க வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு தெரியும், சில நேரம் 45 நாள் வரை போகும். இரண்டு, மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டால் நிம்மதி. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது நிறைந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்பத்தை வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்ப வராது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். கைரேகையை ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்தலாம். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசா கைக்கு வரும்வரை வாங்க வேண்டாம்.

பிரான்ஸ் விண்ணப்பத்தை அந்நாட்டின் பிரான்ஸ்-விசாஸ் இணையதளத்தில் நீங்களே நிரப்பலாம். மற்ற நாடுகளின் வழி வேறு. அமெரிக்காவுக்கு டிஎஸ்-160 என்ற இணையப் படிவமும், பெரும்பாலோருக்கு நேர்காணலும் உண்டு. சிங்கப்பூருக்கு அங்கிருக்கும் உறவினரோ அங்கீகாரம் பெற்ற முகவரோ விண்ணப்பிக்க வேண்டும். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது.

ஏஜெண்டைப் பற்றி

படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க, நேரம் பதிய உதவும் நல்ல ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ‘விசா நிச்சயம்’ என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இல்லை. நிச்சயமாக்க அவர் செய்யக்கூடியது பொய்க் காகிதம் செருகுவது ஒன்றுதான். இல்லாத கம்பெனியின் சம்பளச் சீட்டைச் செருகி, பிடிபட்டால், தண்டனை விண்ணப்பித்தவருக்கு. பொய்யான ஆவணம் கொடுத்தவருக்குப் பிரிட்டன் பத்தாண்டு கதவடைக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அது வாழ்நாள் தடையாகவே ஆகலாம். மகளைப் பிறகு ஒருநாளும் அவள் வீட்டில் போய்ப் பார்க்க முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மறுத்தால் அழுதுகொண்டு அடுத்த நாளே அதே கோப்பைத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. ஷெங்கன் மறுப்புக் கடிதத்தில் காரணங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும், உங்களுக்குப் பொருந்துவதில் குறியிட்டிருப்பார்கள். பயணத்தின் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, திரும்பிப் போவீர்களா என்பதில் ஐயம், செலவுக்கு ஆதாரம் போதவில்லை என்பவை அதில் சில. எந்த இடத்தில் குறி விழுந்திருக்கிறதோ அங்கே வேலை செய்ய வேண்டும். மேல்முறையீட்டு வழியும் காலக்கெடுவும் அதிலேயே இருக்கும். புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். அடுத்த படிவத்தில், முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வந்தால் ஆம் என்றே எழுதுங்கள்.

பெரியம்மாவுக்கு இரண்டாம் கோப்பு கொடுத்துப் பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. அறுபது நாள் கொடுத்திருந்தார்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்டுவதற்காக மேரிச் சான்று, காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றையும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்து அனுப்பினோம். விசா இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கேட்டார்கள், காட்டினார், உள்ளே விட்டார்கள். அண்ணனோடு ஐம்பத்தைந்து நாள் இருந்துவிட்டு வந்து சேர்ந்தார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஒரு மாற்றம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டு விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் கிடைக்க வழி இருக்கிறது. பெரியம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டது. இரண்டு பிறப்புப் பதிவுகளும் உறுதிமொழிப் பத்திரமும் திருமணச் சான்றிதழும் ஒரு மஞ்சள் துணிப்பையில் அவர் பீரோவில் இருக்கின்றன. அடுத்த சித்திரையில் மீண்டும் அதை எடுக்க வேண்டும்.